பெர்னடெட்டின் நீலம் பாரித்த கை

பெர்னடெட் இறந்த செய்தி எனக்கு வசவாகத்தான் வந்தது. காலையில் தொலைபேசியை எடுத்ததும் அவளுடைய தங்கை ரீட்டா கத்தினாள்.

"அக்கா போயிட்டா. ஹார்ட் அட்டாக். உடுப்பு மாத்தேக்க பார்த்தனான், முழங்கைக்குக் கீழ முழுக்க நீலம். நீங்கள் ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் சண்டையெண்டு பக்கத்து வீட்டு ஆக்கள் சொல்லுகினம். நீர்தானே அடிச்சனீர்?"

"ஓம்," என்றேன். வேறென்ன சொல்ல? அடித்தவள் நான்தான். கொட்டாஞ்சேனையில் அவளிடம் பியானோ படித்தவர்களுக்கும், பூசைகளில் அவள் வாசிப்பைக் கேட்டவர்களுக்கும் அதை நானே சொல்லிவிடுகிறேன்.

நானும் பியானோ ஆசிரியைதான், வெள்ளவத்தையில். கடற்காற்றில் என் பியானோவின் கட்டைகள் ஊதி இறுகிக் கிடக்கும், குத்தினால்தான் இறங்கும். குத்திக் குத்தியே வாசித்துப் பழகினேன். பொரளையில் ஒரு மண்டபத்தில் இருவரும் ஒரே பியானோவில் சேர்ந்து வாசிக்க ஒத்திகை பார்த்த முதல் நாளே, பாதி இசையில் அவள் என் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"இது உம்மட பியானோ இல்லை. இதோட ஏன் சண்டை பிடிக்கிறீர்?"

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். "தொட்டால் தெரியும்!" என்று நானும் அவளைப் பிடித்துத் தள்ளினேன். மண்டபக் காவலாளி ஓடிவந்துதான் எங்களைப் பிரித்துவிட்டார். அப்படித்தான் சிநேகிதமானோம்.

அண்மையில் என் வலது கை நோகத் தொடங்கியது. தேநீர்க் கேத்தலைக்கூடத் தூக்க முடியவில்லை. வாசிப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார் வைத்தியர். எனக்கென்று இருப்பதே அந்தக் கைதான். அது போனால் நான் என்னத்தைச் செய்ய? பெர்னடெட்டிடம் போய் அழுதேன். ஆறுதல் சொல்லும் வழக்கமெல்லாம் அவளுக்கு இல்லை. சட்டைக் கையைச் சுருட்டி, மேசைமேல் தன் முன்கையைப் பியானோக் கட்டைகள் போல நீட்டினாள்.

"இதில வாசியும்."

"விசரே உமக்கு?"

"கட்டைக்கு வாயில்லை. எனக்கிருக்கு. நொந்தாச் சொல்லுவன்."

வாசித்தேன். "நோகுது," என்றாள். திரும்பவும் வாசித்தேன். "நோகுது. தோளை விடும். கை தன்ர பாரத்தில விழ வேணும், நீர் தள்ளக் கூடாது." இன்னொரு நாள் சொன்னாள்: "உம்மட பயம்தான் குத்துது. சத்தம் வராதெண்டு பயப்பிடுறீர். முதல் மனசுக்குள்ள அந்தச் சத்தத்தைக் கேளும். கேட்ட பிறகு கையை விடும்."

சொல்வது சுலபம்! ஒருநாள் ஆத்திரத்தில் தாளம் தட்டும் அவளுடைய மெட்ரோனோமைச் சுவரில் எறிந்து உடைத்தேன். அவள் என் கைப்பையைத் தூக்கிப் படிக்கட்டில் வீசினாள். "போம்! போய்த் தையல் கிளாஸ் நடத்தும்!" சிதறியதைப் பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். மேசைமேல் கையை நீட்டியபடியே இருந்தாள். நீலம் பாரித்த இடத்திலேயே மறுபடி வாசித்தேன். கடைசியாகப் பார்த்த அன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு, "நோகுது. நாளைக்கு வாரும்," என்றாள்.

அடக்கப் பூசைக்கு நானே வாசிக்க வேண்டும் என்று பங்குத்தந்தை கேட்டார். பூசைகளில் அவள் வாசித்த அந்தக் கோயில் பியானோவை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா போவாள்? ஆனால் அழுதழுது தோளில் துளி பலம் இல்லை. கைகள் தாமாகவே விழுந்தன. அவள் சொன்னபடி ஒவ்வொரு சுரத்தையும் முதலில் மனதுக்குள் கேட்டேன்.

மயானத்திலிருந்து திரும்பியதும் ரீட்டா என்னை மறித்தாள். நடந்ததெல்லாம் சொன்னேன். நம்பவில்லை. கறுப்புச் சட்டையின் கையை ஏற்றிவிட்டு முன்கையை நீட்டினாள்.

"அவவுக்குச் செய்ததை எனக்கும் செய்து காட்டும்."

பூசையில் வாசித்ததை அந்தக் கையில் முழுவதுமாக வாசித்தேன். அடிக்குக் காத்திருப்பவள் போலக் கண்ணை இறுக மூடி நின்றவள், முடிந்ததும் திறந்தாள்.

"நோகேல்லையே," என்றாள். "பிறகேன் அக்காவின்ர கை அப்பிடி?"

குத்து எல்லாவற்றையும் பெர்னடெட்டே வாங்கி முடித்துவிட்டாள். நோவில்லாத இந்தக் கைதான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது. "நோகேல்ல" என்று அவள் வாயால் ஒருதரம்கூடக் கேட்காத கை.