உப்பு வடித்த துணி

மூன்று லாரி, மலாக்கா ஜாலான் பெண்டஹாராவில் ஒரு மசாலைக் கடை, ஆயர் குரோவில் ஒரு துண்டு நிலம். எல்லாம் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்த ஆள் தனியாகச் சம்பாதித்தது. உயில் எழுத வந்த வக்கீல், "பெற்றோர் வழியா வந்தது ஏதாவது உண்டா ஐயா?" என்று கேட்டார். ஒரு செம்புகூட இல்லை என்று மார்தட்டிச் சொன்னேன். கல்யாண வீடுகளில் நூறு தடவை சொன்ன வசனம்தான். ஆனால் அன்றிலிருந்து கையெழுத்துப் போட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். வாசலுக்குப் போகிறேன், சமையலறைக்கு வருகிறேன். "ஏம்பா இப்படிச் சுத்துறீங்க, ஒரு இடத்துல உக்காருங்க லா" என்கிறாள் மகள். உட்கார விடாமல் செய்வது ஒரு கொட்டாங்கச்சி உப்பு.

ஜப்பான்காரன் காலம். காஜா பேராங்கில் குடியிருந்தோம். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு எட்டு வயது, தங்கச்சிக்கு நாலு. அரிசி கண்ணில் படாது; இரண்டு வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். உப்பும் கிடைக்காது. அம்மா தெங்கெரா கரைக்குப் போய் இரண்டு தகர டின்னில் கடல் தண்ணீர் சுமந்து வருவார். அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடித்து நாள் முழுக்கக் காய்ச்சினால், சாம்பல் நிறத்தில் கொஞ்சம் உப்பு தேறும். அதையும் அக்கம்பக்கத்துக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார். எனக்கு வயிறு எரியும்.

பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டி அம்மாள் ஒருவர். நாங்கள் பீபி என்று கூப்பிடுவோம். அவர்களுக்குச் சாமி நம்ம சாமி, பேச்சு மட்டும் மலாய். போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். அந்த ஒரு நாளுக்காகப் பீபி இரண்டு கைப்பிடி அரிசியை ஒளித்து வைத்திருந்தார். அந்த வாரம் தங்கச்சிக்குக் காய்ச்சல். கிழங்கைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டு, சோறு வேண்டும் என்று அழுவாள். படைத்த சோறு அவளுக்குத்தான் என்று பீபி சொல்லிவிட்டார்.

போகியன்று காலையில் அம்மா கொட்டாங்கச்சி நிறைய உப்பை என் கையில் கொடுத்தார். "பீபி சமையலுக்கு. சிந்தாம கொண்டுபோடா."

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பாதி உப்பை இலையில் மடித்துக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வைத்தேன். பத்து பெரெண்டாம் ஊரிலிருந்து காய்கறி கொண்டுவரும் மலாய்க்காரரிடம் அதைக் கொடுத்து அரிசி வாங்கிவிடலாம், தங்கச்சிக்கு நாலு நாள் சோறு ஆகும் என்பது கணக்கு. டின் அடியில் தங்கும் கடல் மணலை அம்மா முற்றத்தில்தான் கொட்டுவார். அதுவும் உப்பின் நிறமே. அதை அள்ளிக் கலந்ததும் கொட்டாங்கச்சி மறுபடி நிறைந்தது.

இலை போட்டபின் முன்னோர்கள் சாப்பிடட்டும் என்று பீபி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றார். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும் நின்றார். என்னால் நிற்க முடியவில்லை. "உனக்கென்னடா, காலுக்குக் கீழ எறும்பா ஊருது?" என்றார் அம்மா.

கதவு திறந்தது. பீபி முதல் வாயை ஊட்டினார். தங்கச்சி ஆசையாக மென்றாள். நறநறவென்று சத்தம். துப்பிவிட்டு வீறிட்டு அழுதாள். பீபி ஒரு பருக்கையை வாயில் போட்டுப் பார்த்தார். அம்மாவும் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண் சிமிட்டும் நேரம்தான்.

"என் துணி கிழிஞ்சிருக்கு பீபி. கடல் மண்ணு இறங்கிருச்சு. என் தப்புதான்" என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்.

"தக் அப்பா" என்றார் பீபி. பரவாயில்லையாம்.

சோற்றில் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, மணல் அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேலே மிதந்த பருக்கைகளைக் கரண்டி கரண்டியாக எடுத்து ஊட்டினார்கள். பாதிச் சோறு மணலோடு போயிற்று. பத்து வாய் தின்றுவிட்டு அவள் தூங்கிப்போனாள். மீதமிருந்த உப்பையும் வீணாக்கவில்லை, தண்ணீரில் கரைத்தார்கள். அம்மா போய் அதே வேட்டித் துணியை எடுத்துவந்தார்.

நான் கோழிக்கூண்டோரம் நின்று அடிக்காகக் காத்திருந்தேன். மாலைவரை காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் ஒளித்த உப்பை நானே சாடியில் கொட்டிவிட்டேன். அம்மா இருந்தவரை அதைப்பற்றி ஒரு சொல் கேட்டதில்லை, பீபியும் கேட்டதில்லை. எட்டு வயதிலேயே இரண்டு பெரிய மனுஷிகளை ஏமாற்றியவன் நான் என்று கடைப் பையன்களிடம் எத்தனை முறை பெருமையடித்திருப்பேன்.

இப்போது உயிலுக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்தத் துணிதான் வருகிறது. நல்ல உச்சி வெயில். இந்த முனையை அம்மாவும் அந்த முனையைப் பீபியும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் கீழே பானையில் தெளிவாக விழுகிறது. மணல் முழுக்க, கிழிந்ததாக அம்மா சொன்ன அந்தத் துணியின் மேலேயே நிற்கிறது. ஒரு துகள்கூட இறங்கவில்லை. இருவரும் குனிந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானோ, கூண்டோரம் நின்று அடிக்கு மட்டும் காத்திருந்துவிட்டு, இருவரையும் ஏமாற்றிவிட்டதாக இத்தனை வருஷம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.