பக்கத்து நிரை

என் புருஷன் குடிப்பதை நிறுத்தினால் யாருக்கு வலிக்கும்? சாராயக் கடைக்காரனுக்கு வலிக்கலாம். எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவளுக்கு வலிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களைத்தான் திட்டியிருப்பேன். நான் அப்படி ஒன்றும் மண்டு இல்லை. ஆனால் அவளைக் கூடப்பிறந்தவளாக நினைத்திருந்தேன், அதனால் கண் தெரியவில்லை.

எல்கடுவைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில் எங்கள் லயம். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள், குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரே அறை. அவள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவள் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். எங்கள் வீட்டில் அடி விழுந்தால் அவளுக்கு ஒன்று விடாமல் கேட்கும். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காம்பராவில் அவளும் மகளும்தான். அவள் புருஷனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கு வருவார், சித்திரை வருஷத்துக்கு வருவார், இருந்த இடம் தெரியாமல் திரும்பிப் போய்விடுவார்.

மலையிலும் நாங்கள் சேர்ந்துதான் நிற்போம். தேயிலை வரிசையை நிரை என்போம். ஆளுக்கு ஒரு நிரை என்று கங்காணி பிரித்துக் கொடுத்தாலும், யார் பக்கத்தில் யார் நிற்பது என்று பெண்கள் நாங்களே முந்திக்கொண்டு போய்ப் பிடித்துக்கொள்வோம். என் பக்கத்து நிரை எப்போதும் அவளுக்கு. முதல் நாள் அடி வாங்கியிருந்தால் எனக்குக் கை ஓடாது. அன்றைக்கெல்லாம் அவள் தன் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி, கங்காணி பார்க்காத நேரமாக என் கூடையில் போடுவாள். அந்த உதவியை இன்றைக்கும் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் புருஷன் குடித்துவிட்டு ஆடிக்கொண்டு வீடு வரும் சாயங்காலங்களில் நான் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு அவள் கதவைத்தான் தட்டுவேன். உப்பை வறுத்துத் துணியில் கட்டி என் கன்னத்தில் ஒத்தடம் கொடுப்பாள். இஞ்சி தட்டிப் போட்டுப் பாலில்லாத பிளேன்டீ ஊற்றித் தருவாள்.

"அழு புள்ள. நல்லா அழுதுரு. நான் இருக்கேன்ல," என்பாள்.

பெற்ற தாய்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

ஒரு நாள் காலையில் அவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். த்ரீவீலர் பிடித்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அக்காவும் கூட வந்தாள். ஈரல் கெட்டுவிட்டது, இனிமேல் குடித்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சிங்களம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் காதில் விழவில்லை, புரியவில்லை என்று யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

வீடு வந்ததும் அவர் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்து மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். எத்தனை சத்தியம் பார்த்தவள் நான்! நம்பவில்லை. ஆனால் மனுஷன் சத்தியத்தில் நின்றுவிட்டார். சம்பளத்தன்றைக்கும் நேராக வீட்டுக்கு வந்தார். வாசலில் உடைந்து கிடந்த இஸ்தோப்புத் திண்ணைக்குத் தானே சீமெந்து பூசினார். சாயங்காலம் அதில் உட்கார்ந்து பிள்ளைகளோடு கேரம் விளையாடினார். சின்னவள் தோற்றுப்போய் அழுதாள், இவர் சிரித்தார். எங்கள் காம்பராவில் அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் கேட்டது அன்றைக்குத்தான்.

இதை யாரிடம் சொல்லாமல் இருப்பேன்? மறுநாள் மலையில் அக்காவிடம்தான் ஓடினேன்.

"அக்கா, நேத்து அவரே தேத்தண்ணி ஊத்தி எனக்குக் கொண்டாந்து குடுத்தாருங்க்கா!"

அவள் கை செடி மேலேயே நின்றது. பிறகு, "பாத்துக்க புள்ள. ஆம்பள திடீர்னு இப்படி நடந்துக்கிட்டா வேற எங்கயோ மனசு போயிருச்சுன்னு அர்த்தம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றாள்.

என் நல்லதுக்காம். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அவருடைய போனை எடுத்துப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டேன். ஒன்றும் இல்லை. பாவம், அந்த ஆளுக்குப் போனில் நம்பர் போடவே ஒழுங்காகத் தெரியாது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சீமெந்து பூசிய இஸ்தோப்பைப் பார்த்து, "லயத்துக்கு எதுக்கு இந்தப் பவுசு?" என்றாள். காலையில் கண்டதும், "இப்பல்லாம் உங்க பக்கம் சத்தமே இல்லையே," என்பாள். சந்தோஷப்பட்டுச் சொல்கிற குரல் இல்லை அது. பைப்பில் தண்ணீர் வராவிட்டால் தோட்டத்து ஐயாவிடம் போய் முறையிடுவோமே, அந்தக் குரல். பெரியவன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. இவர் எனக்கு டவுனில் சேலை எடுத்து வந்த அன்றைக்கும் தலைவலி. ஒரு நாள் காலையில் பார்த்தால், மலையில் நான் பிடித்து வைத்த நிரையை விட்டுவிட்டு நாலு பேர் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அந்தப் பக்கம் வெயில் குறைவாம். மூடுபனியில் பக்கத்துச் செடியே தெரியாத நாள் அது, வெயிலாம்!

அப்போதும் அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்கு நா வரவில்லை. பொறாமைப்பட என்னிடம் என்ன இருந்தது? டீவி அவள் வீட்டில். பிரிட்ஜ் அவள் வீட்டில். மாசா மாசம் கொழும்புக் காசு அவள் வீட்டில். என் வீட்டில் இருந்ததெல்லாம், சாயங்காலம் ஒரு ஆள் நிதானமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தது மட்டும்தான்.

அந்த நேரத்தில்தான் அவள் மகள் பெரிய மனுஷி ஆனாள். விடிந்ததும் அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லைன்னு உனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரத் தம்பிதான் தாய்மாமனா நின்னு என் புள்ளைக்குக் குடிசை கட்டணும்."

நான் அழுதேவிட்டேன். எல்லாம் என் மனசுதான் தப்பாக நினைத்தது என்று இருந்தது. இவருக்கோ நிலைகொள்ளவில்லை. குடிகாரன் என்று ஒரு விசேஷத்திலும் முன்னால் நிறுத்தாத மனுஷனை முறை செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள் அல்லவா? காட்டில் பச்சைக் கம்பும் குழையும் வெட்டி வந்து, மழை ஒழுகாமல் அப்படி ஒரு குடிசை கட்டினார். சடங்கு வரைக்கும் பிள்ளை அதில் தனியாக இருந்தது.

சடங்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் மாமன் அந்தக் குடிசையைப் பிரித்துக் கொளுத்த வேண்டும். அதற்கு முன் மாமனுக்குத் தட்டு வைப்பார்கள். வெற்றிலை, பாக்கு, வேட்டி, ஒரு போத்தல் சாராயம். இது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் முந்தின நாளே சொல்லிவிட்டேன்.

"அக்கா, தட்டுல போத்தல் மட்டும் வேணாங்க்கா. சோடா வையுங்க."

"அது எனக்குத் தெரியாதா புள்ள? இதெல்லாம் என்கிட்டச் சொல்லணுமா என்ன," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மறுநாள் பகல், லயத்து ஜனம் முழுக்க நிற்கிறது. கொழும்பிலிருந்து அவள் புருஷன் வந்து ஒரு மூலையில் நிற்கிறார். அக்கா பட்டுச் சேலையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நடுவில் போத்தல். அதன் கழுத்தில் குங்குமப் பொட்டு வேறு வைத்திருந்தாள்.

இவர் வேட்டியை எடுத்துக்கொண்டு போத்தலைத் தள்ளி வைத்தார்.

"ஒரே ஒரு மூடி, தம்பி," என்றாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மாமன் தட்டைத் தள்ளினா எம் புள்ளைக்கு ஆகாதுல்ல?"

"ஆமாமா, ஒரு மூடிதானே!" என்று சுற்றி நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நாசமாய்ப் போனவர்கள். இவர் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். "பொண்டாட்டிக்கிட்டக் கேக்குறாருடோய்!" என்று ஒருவன் கத்தினான், கூட்டமே சிரித்தது. அவர் கை மூடியைத் திருகியது.

நான் அவரைப் பார்க்க முடியாமல் அக்காவைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. குடிக்கிற ஆளையோ, குடிசையையோ, பெற்ற மகளையோ பார்க்காமல், அந்தக் கூட்டத்தில் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு எனக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு மூடி ஒரு மூடியோடு நிற்குமா? அன்றைக்கே போத்தல் முடிந்தது. அந்த வாரமே பழைய மனுஷன் வந்து சேர்ந்தார். சத்தியக் கயிறு கையிலேயே இருந்தது, அழுக்கேறிக் கறுப்பாக. பொழுது சாய்கிற நேரத்தில் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை உதைத்தார், தடுக்கப் போன எனக்குக் காதோடு சேர்த்து ஒன்று விழுந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். செத்தாலும் அவள் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று இஸ்தோப்பில் நின்றேன். மழை பிடித்துவிட்டது. சின்னவள் நடுங்கினாள்.

நான் தட்டவில்லை. அவள் கதவு தானாகத் திறந்தது.

"வா புள்ள," என்றாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்! முகமெல்லாம் அன்பு. நடிப்பு இல்லை அது, சத்தியமாக இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. உள்ளே மேசையில் கோப்பையில் பிளேன்டீ ஆவி பறந்துகொண்டிருந்தது, இஞ்சி வாசத்தோடு. சுவருக்கு அந்தப் பக்கம் பானை உருண்ட சத்தம் கேட்டதுமே கேத்தலை அடுப்பில் ஏற்றியிருக்கிறாள்.

"அழுதுரு புள்ள. நான் இருக்கேன்ல."

பிள்ளைகள் குளிரில் நிற்கும்போது ரோஷம் பார்க்க முடியுமா? உட்கார்ந்தேன். குடித்தேன்.

மறுநாள் காலை மலையில் நான் நிரை ஏதும் பிடித்து வைக்கவில்லை. ஆனாலும் அவள் வந்து என் பக்கத்து நிரையில் நின்றாள். கங்காணி திரும்பியதும் இரண்டு பிடி கொழுந்தை அள்ளி என் கூடையில் போட்டாள்.

இப்போது இவருக்கு வயிறு வீங்கியிருக்கிறது, கண் மஞ்சளாகிவிட்டது. வருகிற வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். கேட்காமலே அக்கா சொல்லிவிட்டாள், தானும் கூட வருவதாக. அதற்குப் பிறகு நடக்கப்போவதற்கும் அவள்தான் முதலில் வந்து என்னைத் தாங்கிப் பிடிப்பாள்.