நாற்காலிக்குப் பின்னால் ஆள்

என் அப்பாவை நாற்பத்தாறு கிலோவிலிருந்து ஐம்பது கிலோவுக்கு ஏற்றுவதற்காகச் சேலத்தின் பாதி சாப்பாட்டுக் கடைகளில் ஏறி இறங்கியவள் நான். கடைசியில் ஏறியது என் எடைதான். அந்தக் கொடுமையை வரிசையாகச் சொல்கிறேன்.

அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலும் அப்பாவும்தான் மிச்சம். அடுத்த வீடு சித்தப்பா வீடு. சித்தி மூன்று வேளையும் கூப்பிட்டுத் தட்டு வைத்தார். அப்பா போய் உட்காருவார், நான்கு வாய் கொறிப்பார், "போதுஞ் சாமி" என்று எழுந்துவிடுவார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று சித்தி போனில் அழுதபோது நான் கிளம்பிப் போய் அவரைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டேன்.

டாக்டர் இருக்கிற பரிசோதனையெல்லாம் எடுத்துப் பார்த்தார். "நோய் ஒண்ணுமில்லீங்க. சாப்பிடறதில்ல, அவ்வளவுதான். ஒண்ணரை மாசம் டைம் தர்றேன், எடையை ஏத்திக் கூட்டிட்டு வாங்க. இன்னும் இறங்குச்சுன்னா பெட்ல போட்டு மூக்கு வழியா ட்யூப்தான்" என்றார். அப்பா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "ட்யூப்பெல்லாம் போட்டாங்கன்னா நான் அத்தோட போய்ச் சேர்ந்துருவேன் சாமி" என்றார், ஏதோ கரூர் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன் என்பது போல. ஒரே வருடத்தில் இரண்டு பேரையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

நான் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஓடு என்றால் நாற்பது பிள்ளைகள் ஓடும், விசில் அடித்தால் நிற்கும். இந்த மனுஷனைச் சாப்பிட வைக்க முடியாதா என்ற திமிர் எனக்கு. விளையாட்டு அறையில் சும்மா கிடந்த எடை மிஷினைத் தலைமை ஆசிரியையிடம் கேட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்ப்பது என்று சட்டம் போட்டேன்.

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் அப்போது நாங்கள் இரண்டே பேர். மகன் கோயமுத்தூரில் ஹாஸ்டல். வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு சத்தீஸ்கரில். முதல் வாரம் அரிசிம்பருப்புச் சோறு செய்தேன், சந்தகை பிழிந்தேன், நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அடுப்புப் பக்கத்திலேயே நின்று, கல்லிலிருந்து எடுத்த தோசையைச் சுடச்சுட அவர் தட்டில் போட்டேன். ஒன்று உள்ளே போகும். இரண்டாவதைத் திருப்பிப் போடுவதற்குள் அவர் கை கழுவிக்கொண்டிருப்பார். ஞாயிறன்று மிஷின் நாற்பத்தைந்தரை காட்டியது.

போனில் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அந்தப் புண்ணியவான் சிரிக்கிறார். "உஞ் சமையலுக்குப் பயந்துதான நானே இங்க வந்து குழி தோண்டிட்டு இருக்கறேன். மாமன் எங்க போவாரு, பாவம்! நல்ல கடையாப் பாத்துக் கூட்டிட்டுப் போ" என்றார். வரட்டும், ஊருக்கு வந்தால் பேசிக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன். ஆனால் யோசனை நல்ல யோசனைதான்.

அப்பா எழுபத்தோரு வயதுவரை கடையில் டீ குடித்திருக்கிறார். சோறு தின்றதில்லை. முதலில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். போர்டு கிடையாது. மத்தியானம் சந்துக்குள் நுழைந்தால் மிளகும் சீரகமும் வறுபடும் வாசனையே வழி காட்டிவிடும். எட்டு மேஜை. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் வாளியோடு மேஜை மேஜையாகச் சுற்றுவார். கடை அவருடையது.

அந்த மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. இடம் பிடிப்பதென்றால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலி முதுகில் கை வைத்து நிற்க வேண்டும். அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நானெல்லாம் பின்னால் மூன்று பேர் நின்றாலும் எலும்பை நிதானமாகக் கடித்துத் துப்புகிறவள்.

அப்பா குழம்புச் சோற்றில் இரண்டு கவளம் எடுத்தார். முகம் மலர்ந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். பின்னால் ஒருவர், பட்டுத்தறி நெய்கிற ஆள் போல, கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரொம்ப நேரமா நிக்கறீங்களாட்ட இருக்குதுங்க?"

"பரவால்லீங்கய்யா, நீங்க நிதானமாச் சாப்பிடுங்க."

"அட, நீங்க உக்காருங்க. நமக்கு ஆச்சுங்க."

ஆச்சாம்! இலையை மடித்தார், எழுந்தார். அந்த ஆள் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கென்று நான் சொல்லியிருந்த ஆம்லெட் அப்போதுதான் வந்தது. அதை அந்த ஆளுக்கு முன்னால் வைத்தார்கள். அவரும் கடையின் உபசாரம் என்று நினைத்து ஒரே வாயில் முடித்துவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் சோற்றைத் தின்றேன்.

அடுத்த நாள் சாயங்காலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு டிபன் கடை. அங்கே குழந்தையோடு நின்ற பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தார். அதற்கடுத்த நாள் புரோட்டாக் கடை. கலக்கி சொன்னேன். முட்டையை உடைத்து, குழம்பு ஊற்றி, பாதி வெந்ததும் சுருட்டி எடுத்துக் கொழகொழவென்று வைப்பார்களே, அது. "நம்மூரு முட்டைய இப்பிடிக்கூட கெடுப்பாங்களா சாமி?" என்று முகத்தைச் சுளித்தவர், ஒரு வாய் வைத்ததும் வாயை மூடிக்கொண்டார். பிடித்துவிட்டது. இரண்டாவது வாய் எடுக்கும்போது ஒரு லாரி டிரைவர் வந்து பின்னால் நின்றார். கலக்கி போச்சு, நாற்காலியும் போச்சு.

எனக்குக் கெட்ட கோபம். இந்த ஊரில் எல்லோரும் பசியோடு என் அப்பா முதுகுக்குப் பின்னால்தான் வந்து நிற்பார்களா? மறுபடியும் மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை நான் உட்காரவே இல்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் நானே காவலுக்கு நின்றேன், விளையாட்டு விழாவில் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு. ஓர் ஈ காக்கைகூட நெருங்கவில்லை. ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ உக்காரு சாமி" என்று எழுந்துவிட்டார். அவர் இலையில் வாங்கிய சோறு வீணாகக் கூடாதே என்று நான்தான் உட்கார்ந்து தின்றேன். அந்த ஞாயிறு அவர் நாற்பத்தைந்து. நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன். பி.டி. டீச்சர் மூச்சு வாங்குகிறாள் என்று எட்டாம் வகுப்பில் பேச்சு.

இனி கடையும் வேண்டாம் கண்ணியும் வேண்டாம் என்று வெறுத்துப்போயிருந்த ஒரு சாயங்காலம், காய்கறி வாங்க, சேலத்துக்குள்ளேயே குகை என்கிற பகுதிக்குப் போனோம். தெருமுனையில் தட்டுவடை செட் வண்டி. எனக்குத்தான் பசி. உள்ளங்கையளவு தட்டுவடை, அதன் மேல் காரச் சட்னியும் புதினாச் சட்னியும், துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மூடியாக மேலே இன்னொரு தட்டுவடை. வாயை ஆவென்று திறந்து ஒரே கடியாகக் கடிக்க வேண்டும். பேச்சுக்கு ஒரு செட் அப்பாவிடமும் நீட்டினேன்.

தின்றார். "அட, இதென்ன சாமி இது!" என்றார். இன்னொன்று வாங்கினார். பிறகு தட்டுவடையை நொறுக்கிச் சட்னி போட்டுக் கிளறித் தரும் நொறுக்கல் ஒரு தட்டு. அதை அள்ளிக்கொண்டே பக்கத்தில் நின்ற ஒருவரோடு வெற்றிலை விலை பேசிக்கொண்டிருந்தார். மீசையில் பீட்ரூட் ஒட்டியிருந்தது. எட்டு மாதத்தில் அவர் இரண்டாவது தரம் கேட்டு வாங்கியது அன்றுதான். எனக்கு அந்த நடுத்தெருவில் விசிலை எடுத்து ஊத வேண்டும் போல இருந்தது.

பத்து நாள் தினமும் அதே வண்டி. எடை நாற்பத்தாறுக்குத் திரும்பியது. நான் என்ன கண்டுபிடித்தேன் தெரியுமா? பீட்ரூட்டில்தான் சூட்சுமம் என்று. அறிவுக்கொழுந்து! இரண்டு கிலோ பீட்ரூட்டும் ஐந்து பாக்கெட் தட்டுவடையும் வாங்கி வந்து, சமையல் மேடைப் பக்கத்தில் நின்று செட் செட்டாக அடுக்கி அவர் தட்டில் வைத்தேன். ஒன்றைத் தின்றார். "போதுஞ் சாமி." அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

டாக்டரிடம் போக ஒன்பது நாள்தான் இருந்தது. தட்டுவடையை மட்டும் தின்று யார் உடம்பு தேறியிருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமெல்லாம் கலையட்டும் என்று மத்தியானம் மூன்றரைக்கு மெஸ்ஸுக்குப் போனோம். ஒரு ஈ இல்லை. எட்டு மேஜையும் காலி. எந்த நாற்காலிக்குப் பின்னாலும் ஆள் இல்லை. இன்றைக்கு எப்படி எழுந்திருக்கிறார் பார்ப்போம் என்று நினைத்தேன்.

மெஸ் அம்மா சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். மறுசோறு கேட்டால் போடலாம் என்று வாளியோடு பக்கத்திலேயே நின்றார். அப்பா மூன்று கவளம் எடுத்தார். அந்த அம்மாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். இலையை மடிக்கக் கை போயிற்று.

நான் வெடித்துவிட்டேன். "என்னதானுங்கப்பா வேணும் உங்களுக்கு? இப்ப யாரு நிக்கறாங்க பின்னாடி? ட்யூப் போட்டாத்தான் அடங்குவீங்களா? அம்மாவும் போயாச்சு, நீங்களும் போயிட்டா நான் யாரு ஊட்டுக்குங்க வாரது?" என்று கத்தினேன். நாற்பது பிள்ளைகளை நிறுத்துகிற குரல் அது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நாப்பத்திரெண்டு வருசம் சாமி. நான் உக்காந்து தின்னேன், உங்கம்மா பக்கத்துல நின்னுட்டே இருந்தா. கையில கரண்டியோட. நீயும் உக்காருன்னு ஒரு நாளு சொன்னதில்ல. தோணவே இல்ல பாரு. இப்ப ஆராச்சும் பக்கத்துல நின்னாங்கன்னா, சோறு எறங்க மாட்டீங்குது."

சித்தி தட்டுப் பக்கத்தில் நிற்பார். நான் அடுப்புப் பக்கத்தில் நின்றேன், நாற்காலிக்குப் பின்னால் காவல் வேறு நின்றேன். தட்டுவடை வண்டியில் மட்டும்தான் எல்லோரும் நின்றார்கள், அவரும் சேர்ந்து நின்றார். பீட்ரூட்டாம் பீட்ரூட்டு!

மெஸ் அம்மாதான் முதலில் அசைந்தார். வாளியை மேஜை மேல் டம்மென்று வைத்தார். நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். தனக்கு ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டார்.

"நானும் இன்னும் சாப்பிடலீங்கய்யா. இந்தக் கடை போட்டதுல இருந்து மத்தியானத்துல உக்காந்து தின்னதே இல்லீங்க. அடுப்படியில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கறதுதான். இன்னிக்கு உக்கார்றேன், போடுங்க பாக்கலாம்" என்றார்.

அப்பா கரண்டி பிடித்து நான் பார்த்ததே இல்லை. எழுந்தார். சோற்றை வாரினார். பாதி அந்த அம்மாவின் இலையில் விழுந்தது, பாதி மேஜையில். குழம்பை ஊற்றினார் பாருங்கள், அது இலையைத் தாண்டி ஓடி அந்த அம்மாவின் மடிக்கே போயிற்று. "போதுங்கய்யா, போதுங்க, சேலையெல்லாம் குழம்பு!" என்று அவர் சிரித்துக்கொண்டே கத்தினார். "அட, நல்லாத் தின்னுங்க" என்று இன்னொரு கரண்டி போட்டார் அப்பா. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "நீயேஞ் சாமி நின்னுட்டே இருக்கற?" அப்போதுதான் பார்த்தேன், கத்துவதற்காக எழுந்தவள் இன்னும் உட்காரவில்லை. உட்கார்ந்தேன். எனக்கும் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தின்றேன். அப்பாவும் தன் இலைக்கு உட்கார்ந்து அன்று மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார், மோருக்கும் போட்டுக்கொண்டார்.

டாக்டரிடம் போன அன்று அப்பா நாற்பத்தெட்டு. "ஏறுதில்ல, போதும். ட்யூப் வேண்டாம்" என்றார் டாக்டர். மிஷினில் ஏறும்போது அப்பாவின் மடியில் ஒரு கட்டு வெற்றிலையும் சுண்ணாம்பு டப்பாவும் இருந்ததை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

வீட்டில் இப்போது தோசையை மொத்தமாகச் சுட்டு அடுக்கிவிட்டுத்தான் தட்டு வைக்கிறேன். ஆறிப்போன தோசை. இட்லிப்பொடி இருந்தால் ஆறினாலும் ருசிதான். அப்பா இரண்டு மாதம் இருந்துவிட்டுப் பரமத்தி வேலூருக்குக் கிளம்பினார், கொடிக்கால் என்னாச்சோ என்று. போன மூன்றாம் நாள் சித்தி போனில் புகார்: "ஏஞ் சாமி, உங்கப்பா என்னையும் உக்காரச் சொல்றாரு. அப்பறம் தோசைய யாரு சுடறது?"

எல்லோர் வீட்டிலும் போனை எடுத்தால் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். எனக்கு மட்டும் தினமும் எட்டு மணிக்கு வேறு கேள்வி வரும்.

"உக்காந்துட்டயா சாமி?"

"உக்காந்துட்டேனுங்கப்பா" என்பேன். முதல் வாரம் பாத்திரம் விளக்கிக்கொண்டே பொய் சொன்னேன். இப்போது தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்துவிட்டுத்தான் போனை எடுக்கிறேன்.