தான் விற்ற நகரில் தானே குடிபோனவர்

சுருளிராஜன் தன் வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை. அதை அவரே சொல்வார். நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுவாராம், அவ்வளவுதான்.

அப்படித்தான் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் நெல் விளைந்த வயலை வாங்கி, அறுபது மனைகளாகப் பிரித்து, முகப்பில் ஒரு வளைவு கட்டி, 'பொன்வசந்தம் நகர்' என்று பெயர் வைத்தார். பூங்கா வருகிறது, காலேஜ் வருகிறது, தார்ச்சாலை ஏறக்குறைய முடிந்த மாதிரிதான் என்றார். நாற்பது மனை விற்றது. அந்த நேரம் பார்த்து, சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் பணம் போட்டிருந்த ஒரு நிதி நிறுவனம் ஷட்டரை இறக்கியது. மனை வாங்க ஆளில்லை. வாங்கியவர்களுக்கு வீடு கட்ட வழியில்லை. சுருளிராஜன் கம்பத்தில் ஒரு டைல்ஸ் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எட்டு வருஷம் நகரில் கருவேலம் மட்டும் குடியிருந்தது. வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடத்தில், பக்கத்துத் தோட்டத்து ஒச்சாண்டி கத்திரி போட்டார். வரைபடத்தில் உள்ளபடியே பச்சையாக இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நிலத்துக்கு மறுபடி கிராக்கி வந்தது. சுருளிராஜன் வளைவுக்கு வெள்ளையடித்து, பெயரைக் 'கிரீன் வேலி அவென்யூ' என்று மாற்றி, நோட்டீஸ் அடித்து, ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிப்போனார். கேரளத்துக் கட்டப்பனையிலிருந்து வந்த ஏலக்காய்த் தோட்டக்காரர்கள்தான் அதில் பாதி. பின் சீட்டில் செலின் டீச்சரும் இருந்தார். ராயப்பன்பட்டிக்காரர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனை வாங்க வரவில்லை. முன்பே வாங்கியதைத் தேடி வந்திருந்தார். நகரின் பெயரை மாற்றலாம், நோட்டீஸில் போட்ட சர்வே எண்ணை மாற்ற முடியாதே.

வேன் நின்றதும் டீச்சர் பத்திரத்தை விரித்தார். "தம்பி, என் பதினேழாம் நம்பர் எங்கன இருக்கு?"

சுருளிராஜன் முள்ளுக்குள் புகுந்து தேடினார். பதினேழாம் நம்பர் கல்லும் இல்லை, பதினாறும் இல்லை. கத்திரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒச்சாண்டி நிமிர்ந்தார்.

"நம்பர் கல்லா டீச்சர்? எங்க வீட்டுல துவைக்கிற கல்லா கெடக்கு. இவுக இனிமே வரமாட்டாகன்னு நெனச்சிட்டேன்."

வேனே சிரித்தது. சுருளிராஜனுக்கு முகம் கறுத்துப்போனது. ஏதாவது பெரிதாகச் சொல்லியாக வேண்டும்.

"ஏன் டீச்சர் வெசனப்படுறீக? வார தைக்குள்ள நானே இங்கன வீடு கட்டிக் குடி வந்துர்றேன். போதுமா?"

டீச்சர் அந்த நோட்டீஸின் பின்பக்கத்திலேயே இதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்துக்கு நீட்டினார். "சாட்சிக்கு ஞான் ஒப்பிடாம்" என்று மலையாளத்தில் சொல்லி, ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். இவர் குடிவந்தால் தாங்களும் வாங்குவதாக மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். தப்ப வழியில்லை.

மனைவி ராஜாத்தியிடம் சொன்னபோது அவள் இட்லிச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். "ஊர்ல உள்ளவுகளையெல்லாம் அங்கன தள்ளிவிட்டீக. இப்ப என்னையுமா?"

தையில் பால் காய்ச்சினார்கள். அதற்குப் பிறகுதான், தான் விற்றது என்னவென்று சுருளிராஜன் பார்த்தார். முதல் மழைக்கே வண்டி களிமண்ணில் புதைந்தது. போர்வெல்லில் வந்த தண்ணீர் உப்புக் கரித்தது. வேறு இடத்தில் போர் போடச் சொன்னால், "அடுத்த வாரம்ணே" என்றார் போர் வண்டிக்காரர். தெருவிளக்குக்கு மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். "ஏறக்குறைய முடிஞ்ச மாதிரிதான்" என்று ஒரு மேசையில் சொன்னார்கள். நாற்பது பேரிடம் அவரே சொன்ன வார்த்தை. அன்று வீட்டுக்கு வந்து ராஜாத்தியிடம், "இந்தப் பேச்சக் கேட்டா எம்புட்டு எரியுது தெரியுமா?" என்றார். "எனக்குக் கல்யாணமான நாள்லருந்து தெரியும்" என்றாள் அவள்.

அங்கேயே குடியிருக்கிறவருக்குத்தானே வலிக்கும்? சொந்தச் செலவில் கிராவல் கொட்டினார். மூன்றாவது இடத்தில் போட்ட போரில் ஓரளவு நல்ல தண்ணீர் கிடைத்தது. விளக்கும் வந்தது. செலின் டீச்சர் எதிர்வரிசையில் வீடு கட்டினார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் அஸ்திவாரம் தோண்டினார்கள்.

ஆனால் சுருளிராஜனின் தொழிலுக்குப் புது இடைஞ்சல் ஒன்று முளைத்தது. மனை பார்க்க ஆள் வந்தால் டீச்சரும் வெளியே வந்துவிடுவார்.

"குடிக்கிறதுக்குக் கேன் தண்ணிதான். பஸ்ஸுக்கு இருபது நிமிசம் நடக்கணும். மழைக்குப் பாம்பு வரும். காலேஜெல்லாம் வராது."

"வந்தவுகள வெரட்டுறீகளே டீச்சர்!"

"உள்ளதத்தான தம்பி சொல்லுறேன்."

பாம்பையும் கேன் தண்ணியையும் காதில் வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுவாரமே வந்து வாங்கினார்கள். காலேஜுக்கு ஆசைப்பட்டு ஒருவரும் வரவில்லை. வாய் வலிக்கப் பேசிப் பழகிய மனிதருக்கு இது இன்றுவரை செரிக்கவில்லை. மிச்சம் பதினொரு மனை கிடக்கிறது. விலை கேட்டு வருகிறவர்கள் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "டீச்சர் வீடு எது?" என்று கேட்கிறார்கள். அவரும் கையைக் காட்டிவிடுகிறார்.