இரண்டு தடவை அழுத்தும் கை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பேப்பர் என்றால் திருப்பிக் கேட்காது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மெஷினிலிருந்து மூடிகளை எடுத்து, பிசிறு பார்த்து, பெட்டியில் போட்டுவிட்டுப் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். முதலில் என் மெஷினில் மட்டும் சோதனைக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தினார்கள். பட்டனை அழுத்தத் தாமதமானால் சைரன் ஊதி மெஷின் நின்றுவிடும். அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட நகர முடியவில்லை. பாத்ரூம் போவதென்றால் மாற்று ஆள் வேண்டும். மாற்று ஆள் எப்போதும் வேறெங்கோ இருப்பாள்.

கொஞ்ச நாளில் கை வேகம் பிடித்ததும், அழுத்திய பிறகும் சில சமயம் சைரன் ஊத ஆரம்பித்தது. சூப்பர்வைசர் ஓடி வருவார். "அழுத்தினேன் சார்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் திரும்பிப் போயிருப்பார். கடைசியாக, "இன்னொரு தபா ஊதிச்சின்னா அரவை ஷெட்டுக்குப் போய்க்கினே இரு" என்றார். கழிவு மூடிகளைப் பொடியாக்கும் ஷெட் அது. ஒரே தூசி. எனக்கு வீசிங் உண்டு. முன்பு அங்கே வேலை பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் படுத்தேன்.

அந்தப் புரோகிராமைப் பார்க்க சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள்.

"அக்கா, நீங்க எப்பவும் போல பண்ணுங்க. நான் பாக்குறேன்."

சூப்பர்வைசரும் கை கட்டி நின்றார். பயத்தில் நான் பட்டனை மெதுவாக, ஒழுங்காக அழுத்தினேன். சைரன் ஊதவே இல்லை. "நல்லாத்தானே ஓடுது" என்று அவள் பையை எடுத்தாள்.

பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். "இன்னாக்கா, ஒரு தபாதான் அழுத்துற? பொண்ணு பாக்க வந்துகிறாங்கன்னு அடக்கமா?"

இன்ஜினியர் நின்றுவிட்டாள். "ஒரு தடவையா? வழக்கமா எத்தனை?"

எங்கள் ஷிஃப்டில் எந்தப் பட்டனையும் இரண்டு தடவைதான் அழுத்துவோம். கேட்டில் கைரேகை மெஷின் முதல் தடவை எடுக்காது. அந்தப் பழக்கம் உள்ளே எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது.

"ரெண்டு" என்றேன்.

"அப்படியே அழுத்துங்கக்கா."

அப்படி அழுத்தினால் ஊதினாலும் ஊதும். அழுத்தாவிட்டால் அவள் ரயிலுக்குப் போய்விடுவாள். நாளைக்கோ மறுநாளோ பழக்கத்தில் என் கை அழுத்தத்தான் போகிறது. சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். டக் டக் என்று இரண்டு தடவை அழுத்தினேன். மூடிகளை எடுத்துப் போட்டு, மறுபடி இரண்டு தடவை. சைரன் ஊதியது.

அவளுக்குச் சந்தோஷம். "கண்டுபிடிச்சாச்சு! நீங்க அழுத்துனதும் இந்தப் புரோகிராம் கம்ப்யூட்டரோட சிஸ்டத்துக்கிட்ட ஒரு டைமர் கேக்கும். சிஸ்டம் டைமரை ஓடவிட்டு அதுக்கு ஒரு நம்பர் குடுக்கும். அடுத்த தடவை அழுத்தும்போது, அந்த நம்பரைச் சொல்லித்தான் பழசை நிறுத்தணும். நீங்க டக் டக்குன்னு அழுத்துனா, முதல் நம்பரைக் குறிச்சு வைக்கறதுக்குள்ள ரெண்டாவது டைமர் வந்துடுது. முதல் நம்பர் தொலைஞ்சுபோச்சு. அந்த டைமர் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், யாராலும் நிறுத்த முடியாது. அதோட நேரம் முடிஞ்சதும், நீங்க அழுத்தலைன்னு நினைச்சு சைரன் ஊதிடுது."

"அப்போ என்ன பண்றது?" என்று கேட்டேன். அன்றைக்கு நானாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"புரோகிராமையே மூடினா எல்லா டைமரும் போயிடும். நான் சரியா எழுதி அனுப்புறேன்." சூப்பர்வைசரிடம் திரும்பி, "இவங்க தப்பு இல்ல சார், புரோகிராம் தப்பு" என்றாள்.

"இருக்கட்டும் மேடம், இருக்கட்டும்" என்று அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

வந்து என் பக்கத்தில் நின்றார். "ரெண்டு தபா அழுத்தச் சொல்லி உனக்கு யார் சொன்னா?"

எல்லோரும் அப்படித்தான் சார் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து மெஷின்காரி தலையைக் குனிந்து மூடி எண்ணிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்துகொண்டேன்.

மறுநாள் புரோகிராமை மாற்றினார்கள். என் மெஷினில் பக்கத்து மெஷின்காரி நின்றாள். நான் முகத்தில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அரவை ஷெட்டுக்குப் போனேன்.