அறுந்த இடம்

எங்கள் கல்லூரி வானொலியின் முதல் நேரலையை நடத்தியது நாங்கள் மூவர், கெடுத்தது அதில் இருவர். அறிவிப்பாளர் என் வகுப்புத் தோழி. மிக்ஸர் முன்னால் நான். நிகழ்ச்சிப் பொறுப்பும் என்னுடையது. போன் இணைப்புகளைப் பார்த்துக்கொண்டவன் பெரணமல்லூர்க்காரன், வாய் ஓயாதவன். "கொஞ்சம் கம்முனு இரேன்டா" என்று ஒரு நாளைக்குப் பத்து முறையாவது அவன்மேல் எரிந்து விழுவேன்.

அன்று விருந்தினரின் பெயரைத் தோழி தப்பாகச் சொல்லிவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள். என் விரல் தானாகவே மைக்கை அணைத்தது. நானும் அவளும் ஆரணியில் தறி வீட்டுப் பிள்ளைகள். நெடுக ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் அந்த நொடியே தறி நிற்க வேண்டும். முடிச்சுப் போட்ட பிறகுதான் குறுக்கே அடுத்த ஊடை ஓடும். பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்திருக்கிறோம். ஆகவே தப்பைத் திருத்துவதற்காகத் தாள்களைப் புரட்டிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தோம். ஒரு நிமிடத்துக்கு மேல் ரேடியோவில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கல்லூரி முதல்வர் அம்மா கூப்பிட்டனுப்பினார். "இன்னொரு வாட்டி இப்படி ஊமையாச்சுன்னா லைவ் கிடையாது. ரெக்கார்ட் பண்ணி எடுத்துகினு வாங்க, போதும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ரெக்கார்ட் பண்ணிப் போடுவதற்கு நான் எதற்கு? நேரலைக்குச் சிவப்பு விளக்கு எரியும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இத்தனை நாளும் கல்லூரிக்கே போய்க்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பெரணமல்லூர்க்காரன் எங்களைப் படுத்தியெடுத்தான். தோழி வாசிக்கும்போதே தாளைப் பிடுங்குவான். அவள் நிற்காமல் பேச வேண்டும். நான் ஒலியைக் குறைக்கக் கை நீட்டினால் விரலிலேயே ஸ்கேலால் ஒரு தட்டு. "தப்பு ஆனா ஆவட்டும், ஓட்டிகினே இரு" என்பான். அவனிடம் பாடம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு விருந்தினர், தேவிகாபுரம் பஸ் கண்டக்டர். தன் வண்டியிலேயே ஆரணிக்கு வந்து இறங்கிப் பேசுவதாக ஏற்பாடு. மணி பதினொன்று ஆகியும் ஆளைக் காணோம். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. தோழி வணக்கம் சொல்லி, "இன்று நம்முடன் வந்தவாசி பஸ்..." என்று ஊரை மாற்றிச் சொன்னாள். அவள் கை பாதி உயர்ந்து நின்றது. என் விரல் மைக் பொத்தானுக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"வந்தவாசிக்காரங்க கோச்சுக்காதீங்க, உங்க பஸ் அடுத்த வாரம். இன்னைக்குத் தேவிகாபுரம்!" என்று சிரித்தபடியே அவள் ஓட்டிவிட்டாள். அதற்குள் போனில் கண்டக்டரைப் பிடித்துவிட்டான் எங்கள் வாயாடி. ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைக் காட்டினான். நான் மிக்ஸரில் போன் இணைப்பின் ஒலியை ஏற்றினேன்.

"பேஜாரா பூட்ச்சிமா, டயர் பஞ்சர். நடு ரோட்டுல நின்னுகினு இருக்கோம்!"

"அப்போ அங்கேயே ஆரம்பிச்சிடலாங்களா அண்ணா?" என்றாள் தோழி.

அங்கே போன் பயணிகளிடம் கை மாறியது. பூக்கூடையோடு வந்த அம்மா ஒருவர், மாமியாரைப் பார்க்கப் போகும் மருமகள் ஒருத்தி, தேர்வுக்கு நேரமாகிறதென்று புலம்பிய பையன். "ஜல்தி மாட்டுய்யா!" என்று ரேடியோ வழியாகவே எல்லாரும் டிரைவரை விரட்டினார்கள். டயர் மாட்டி, விசிலடித்து, வண்டி கிளம்பிய சத்தம் வரை நேரலையில் போனது. விளக்கு அணைந்ததும் மூவரும் கத்திய கத்தலில் முதல்வர் அம்மாவே வந்துவிட்டார்.

"அடுத்த வாரம் வந்தவாசியா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு ஓடினேன். தறிப் பக்கத்தில் ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வராததையும் தோழி ஊரை மாற்றிச் சொன்னதையும் அப்பாவிடம் மூச்சிரைக்கக் கொட்டினேன்.

அப்பா தறி மிதித்த காலை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"முழுசா கேட்டுகினுதாம்மா இருந்தேன். எங்க அறுந்துச்சின்னே தெரியல."