தள்ளத் தள்ள நிற்கும் நாய்

எண்பதுகளில் ஹென்டர்சன் என்ற ஊரில், பறவை வேட்டைக்கு நாய் பழக்கும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் நாய்க்கூடு கழுவினேன். சிவந்த கழுத்து, முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டை. முதல் நாளே எங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காமல் போயிற்று. நான் கழுவி முடித்த கூட்டுக்குள் சேற்றுச் சப்பாத்தோடு ஏறி, "திரும்பக் கழுவு" என்பார். எனக்கு முன் வந்தவர்கள் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லையாம். நான் பிடிவாதமாக ஆறு மாதம் நின்றேன்.

புல்லுக்குள் காடையை மோந்தால், பழக்கும் நாய்க்குட்டி பாயாமல், அசையாமல் நிற்கவேண்டும். அப்படி நின்ற ஒரு குட்டியை அவர் பின்னாலிருந்து காடைப் பக்கம் மெல்லத் தள்ளினார். அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது.

"ஏன் தள்ளுறியள்?" என்றேன்.

"தள்ளத் தள்ளத்தான் இறுக்கி நிக்கும். சும்மா விட்டால் ஓடிடும்."

"அப்ப என்னையும் நீங்கள்தான் இஞ்ச நிப்பாட்டி வச்சிருக்கிறியள்."

அவர் சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கூட்டுக்குள் வந்தார். "நல்லாயிருக்கு" என்றுகூடச் சொன்னார். இரண்டு கிழமையில் நான் வேலையை விட்டுவிட்டேன். அவர் அப்படி மாறியது மரியாதையா, என்னைத் துரத்த அவர் கண்டுபிடித்த வழியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.